ஆட்டுக்கடாவும் பெயர்ப்பலகையும்

பெருங்களத்தூரைத் தாண்டித் தாம்பரம் நோக்கி வரும் பேருந்துகள், மதுரவாயல் பைபாஸ் பிரிகிற இரும்புலியூரில் பெரும்பாலும் ஊர்ந்துதான் போகும். ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வரலாம். இந்தத் தெற்குப் புறநகர்ப் பகுதியில் முருகன், பாலாஜி, பிஸ்மில்லா என்ற பெயர்களுக்கு நடுவே எபெனேசர், பெத்தேல், எல் ஷடாய் என்று எபிரேயப் பெயர்களும் கலந்து நிற்கும். அந்த வரிசையில் இன்னொரு பெயரும் உண்டு: யெகோவாயீரே. மளிகைக் கடையானாலும் ஜெராக்ஸ் கடையானாலும் தையல் கடையானாலும் அந்தப் பெயர் பொருந்திவிடும். பொருள் கேட்டால் கடைக்காரர் தயங்காமல் சொல்வார்: “கர்த்தர் பார்த்துக்கொள்வார்னு அர்த்தம் சார்.” வாடகை, வட்டி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கடவுள் அவர்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம். ஆபிரகாம் என்ற வயதான தகப்பனிடம் கடவுள் அவன் மகன் ஈசாக்கைப் பலியாகக் கேட்கிறார். தகப்பன் விடியற்காலையில் எழுந்து விறகு வெட்டிக்கொண்டு மூன்று நாள் நடக்கிறான். பலிக்கு ஆடு எங்கே என்று மகன் கேட்கிறான். பலிபீடம் கட்டி, மகனைக் கட்டி, கத்தியை ஓங்கிய கணத்தில் வானத்திலிருந்து குரல் கேட்கிறது. புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா ஒன்று தெரிகிறது. மகன் தப்புகிறான். அந்த மலைக்கு ஆபிரகாம் வைத்த பெயர்தான் யெகோவாயீரே. பைபிளிலேயே படிப்பவர் வயிற்றைக் கலக்குகிற கதைகளில் ஒன்று, மளிகைக் கடைக்கு மங்களகரமான பெயரைத் தந்திருக்கிறது.

இதில் கடைக்காரர் மீது குற்றம் ஒன்றுமில்லை. கடவுள் கொடுப்பவர் என்று நம்புகிறவர் கண்ணுக்கு அந்த அதிகாரத்தில் ஆட்டுக்கடா தெரிகிறது. கடவுள் சோதிப்பவர் என்று நம்புகிறவருக்குக் கத்தி தெரிகிறது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, வீட்டில் இருந்த தாய் சாராளைக் கதையில் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது தெரியும். எழுத்து ஒன்றுதான். எந்த வரியில் விரல் நிற்கும் என்பதைப் புத்தகம் திறப்பதற்கு முன்பே மனத்தில் இருக்கும் கடவுள் தீர்மானித்துவிடுகிறார்.

தமிழருக்கு இந்தக் கதை இன்னொரு கதவையும் திறக்கும். பெரியபுராணத்தின் சிறுத்தொண்டரை அறிந்தவருக்கு ஆபிரகாம் அந்நியன் அல்ல. பைரவ வேடத்தில் திருச்செங்காட்டங்குடிக்கு வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்கிறார். சிறுத்தொண்டரும் மனைவி திருவெண்காட்டு நங்கையும் ஒரே மகன் சீராளனைக் கறி சமைத்துப் படைக்கிறார்கள். அங்கே கத்தியை யாரும் தடுக்கவில்லை. பிறகு பெயர் சொல்லி அழைத்ததும் பிள்ளை பள்ளியிலிருந்து வருபவனைப் போல ஓடிவருகிறான். சேக்கிழாரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஆபிரகாமின் கடவுள் கொஞ்சம் மென்மையானவராகக்கூடப் படலாம்; அவர் கத்தி இறங்கும் முன்பே தடுத்துவிட்டாரே!

யூதர்கள் இந்த நிகழ்ச்சியைப் பலி என்று சொல்வதில்லை. ஈசாக்கின் ‘கட்டுதல்’ என்பார்கள். கிறிஸ்தவர்களோ விறகு சுமந்து மலையேறும் மகனிடம் சிலுவை சுமக்கும் இயேசுவின் சாயலைக் கண்டார்கள். திருக்குர்ஆனில் மகனின் பெயர் இல்லை. அவர் இஸ்மாயில் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. அங்கே தகப்பன் தன் கனவை மகனிடம் சொல்ல, மகன் சம்மதிக்கிறார். பக்ரீத் அந்த நினைவில்தான் கொண்டாடப்படுகிறது. ஒரே மலைக்கு மூன்று பாதைகள்.

தமிழில் பைபிள் படிப்பவருக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கடவுளைப் பற்றி அவர் முடிவு செய்வதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவு செய்துவிட்டார். கடவுளை என்ன பெயரால் அழைப்பது? ஐந்நூறு ஆண்டுகளாகத் தீராத வழக்கு இது.

1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கச் சிறுநூல்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்று கொண்டாடுகிறோம். அன்றிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் உருவாக்கிய அந்த நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான் என்றால் தலைவன், எசமான். சைவ மடத்துத் துறவிக்கும் அதே சொல்தான். முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு முதலில் வந்து சேர்ந்த அச்சுக் கடவுள், ஊர் அறிந்த ஒரு சொல்லை உடுத்திக்கொண்டு வந்தார். பின்னால் கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன் வந்தார். எல்லாவற்றுக்கும் ஈசுவரன். ‘சர்வேசுரா சுவாமி’ என்று ஜெபித்த பாட்டிகள் நம் காலம்வரை இருந்தார்கள்.

தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அதே லுத்தரன் மரபில் வந்த பப்ரிசியுஸ் என்ற ஜெர்மானியர் சென்னையில் உட்கார்ந்து ஆயுளின் பெரும்பகுதியை மொழிபெயர்ப்பிலேயே கழித்தார். புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பழைய ஏற்பாடு அவர் இறந்த பிறகு 1796-இல் முடிந்தது. அவர் கையாண்ட சொல் பராபரன். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடிய நூற்றாண்டும் அதுதான். தாயுமானவரின் பராபரம் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல, அகப்படாத ஒன்று. பப்ரிசியுஸின் பராபரனோ கோபம் கொள்வார், மனம் மாறுவார், பெயர் சொல்லி அழைப்பார். ஒரு ‘ம்’ போய் ‘ன்’ வந்த இடத்தில் இரண்டு தத்துவங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பராபரன் என்ற சொல்லோடு பைபிளைப் படித்தவர், பேசுவது எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்ட ஒருவர் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கியிருப்பார்.

ஹென்றி பவர் தலைமையிலான குழு உழைத்து 1871-இல் முழுமை பெற்ற மொழிபெயர்ப்பில் தேவன் நிலைபெற்றார். இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த மொழிபெயர்ப்புதான். தேவன் என்றால் இந்து வழக்கில் இந்திரன் சபையில் இருக்கும் பலரில் ஒருவர். முப்பத்து முக்கோடியில் ஒருவரின் பெயரை, தன்னைத் தவிர வேறு கடவுள் இல்லை என்பவருக்கு எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பழக்கம் அதை மழுக்கிவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவர் காதில் இன்று தேவன் என்றால் ஒருவர்தான்.

யெகோவா என்று ஒலிக்கப்படும், இஸ்ரவேலரின் கடவுளுக்கே உரிய எபிரேய நான்கெழுத்துப் பெயருக்கு அதே மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்டது கர்த்தர். செய்பவர், கர்த்தா. மதுரை நாயக்க மன்னர்களையும் பழைய வரலாற்றுக் குறிப்புகள் கர்த்தாக்கள் என்றே அழைக்கின்றன. ஆக, அந்தச் சொல்லுக்குள் அரசாங்கம் இருக்கிறது, ஆணை இருக்கிறது. ஜெபத்திலோ ‘தேவரீர்’ என்று அழைக்க வேண்டும். அரண்மனை வாசலில் மனுவோடு நிற்பவன் பேசுகிற மரியாதை அது. 1950-களில் வந்த திருத்திய மொழிபெயர்ப்பு தேவனை எடுத்துவிட்டுக் கடவுளை வைத்துப் பார்த்தது. மொழியறிஞர்கள் பாராட்டினார்கள், சபையார் கைவிட்டார்கள். 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கடவுளும் ஆண்டவரும் வந்தார்கள். கத்தோலிக்க ஆலயங்கள் அதை ஏற்றுக்கொண்டன. புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலானவற்றில் கர்த்தர் அசையவில்லை. மாற்றச் சொன்னவர்கள் அதைச் சொல் பிரச்சினை என்று நினைத்தார்கள். மாட்டேன் என்றவர்களுக்கு அது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கடவுளின் குரல்.

நீர் என்ற சின்னச் சொல்லையும் விட முடியாது. தேவாரமும் திருவாசகமும் பாசுரங்களும் கடவுளைப் பெரும்பாலும் ‘நீ’ என்றே விளிக்கின்றன. நெருக்கம் அது. கோபம் வந்தபோது சுந்தரர் திருவாரூரில் மரியாதைப் பன்மைக்கு மாறியதும் உண்டு. கணவனிடம் ஊடல் கொண்ட மனைவி திடீரென்று ‘வாங்க, போங்க’ என்பது போல! தமிழ் பைபிளோ மரியாதைப் பன்மையிலேயே நின்றுவிட்டது. பழைய கீர்த்தனைகள் சிலவற்றில் மட்டும் ‘நீ’ எட்டிப் பார்க்கும். பைபிளை ‘நீர்’ வழியாகவே படித்து வளர்ந்தவருக்கு யோபுவின் சண்டை முழுதாகக் காதில் விழுவதில்லை. சாம்பலில் உட்கார்ந்து, ஓட்டாஞ்சில்லால் புண்ணைச் சொறிந்துகொண்டு, நான் என்ன தப்பு செய்தேன் என்று கடவுளோடு வழக்காடும் மனிதனின் குரல், தமிழில் கைகட்டி நின்று விண்ணப்பம் செய்வது போல ஆகிவிட்டது. இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளில் ‘அப்பா’ என்று அழைப்பது பரவியிருக்கிறது. தேவரீரிலிருந்து அப்பாவுக்கு வந்த தூரம், தாத்தா முன்னால் உட்காராத தலைமுறையிலிருந்து அப்பாவின் தோளில் கைபோடும் தலைமுறைக்கு வந்த தூரமேதான்.

தமிழ் பைபிளுக்கு உழைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவரே அல்ல. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன் மிஷனரி நடத்திய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822-இல் பிறந்தவர். 1840-களில் பெர்சிவலோடு அமர்ந்து பைபிளைத் தமிழாக்கினார். நெற்றியில் திருநீறு, மேசையில் பைபிள். 1848-இல் பள்ளியை விட்டு விலகிச் சைவப் பணிக்குப் போனார். அவர் உழைத்த மொழிபெயர்ப்பு 1850-இல் சென்னையில் அச்சாயிற்று. தமிழ்நாட்டு மிஷனரிகள் அதை ஏற்கவில்லை.

சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். 1854-இல் நாவலர் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். திருநீறும் தீபமும் தூபமும் அபிஷேகமும் அஞ்ஞானம் என்று மிஷனரிகள் சொல்லிவந்த காலம். நாவலர் அவர்கள் புத்தகத்தையே எடுத்து அவர்கள் முன் விரித்தார். உங்கள் கடவுள் மோசேக்குச் சொன்ன கூடாரத்தில் விளக்கு இல்லையா, தூபம் இல்லையா, அபிஷேக எண்ணெய் இல்லையா, ஆசாரியனுக்குத் தனி உடுப்பு இல்லையா என்று கேட்டார். இந்த விதிகள் வரும் பைபிள் நூல் ஒன்றின் பெயரே தமிழில் லேவியராகமம்! சிவாகமத்தில் ஊறிய மனம் அந்தப் பக்கங்களில் தன் வீட்டைக் கண்டதில் வியப்பென்ன? அதே பக்கங்களைப் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் முடிந்துபோன பழைய சட்டம் என்று தள்ளிவிட்டுப் பவுலின் நிருபங்களுக்கு ஓடினார்கள். லேவியராகமத்தை ஞாயிற்றுக்கிழமையே தூக்கம் வராமல் படிக்கக்கூடியவர்கள் குறைவு. நாவலர் அதை ஆர்வத்தோடு படித்திருக்கிறார், வாதத்துக்காகத்தான் என்றாலும். கோயிலில் குடியிருந்து பூசையை ஏற்கும் கடவுளை அறிந்தவருக்கு அந்த நூல் புரிந்த அளவு, வெஸ்லியன் மேடைப் பிரசங்கிக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வங்காளத்தில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. ராஜா ராம்மோகன் ராய்க்குக் கடவுள் ஒருவர், உருவமற்றவர், அற்புதம் செய்து கூட்டம் சேர்க்காதவர். 1820-இல் அவர் நற்செய்தி நூல்களிலிருந்து இயேசுவின் போதனைகளை மட்டும் எடுத்து ஒரு நூல் வெளியிட்டார். அற்புதங்கள் போயின, மும்மைக் கடவுள் கொள்கைக்கு அதில் இடமில்லை. செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கொதித்து எழுந்து மறுப்பு எழுத, ராய் மறுப்புக்கு மறுப்பு எழுத, விவாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ராய் பக்கம் சேர்ந்த வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியை ‘இரண்டாவது தடவை விழுந்த ஆதாம்’ என்று சக மிஷனரிகள் கேலி செய்தார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சனும் தன் வீட்டில் பைபிளைக் கத்தியால் வெட்டி, அற்புதங்கள் நீங்கிய பகுதிகளை ஒட்டித் தனிப் புத்தகம் ஆக்கிவைத்திருந்தார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் வேலையும் ஒரே மாதிரி முடிந்ததற்குக் காரணம், இருவர் மனத்திலும் இருந்த கடவுள் ஏறக்குறைய ஒருவரே.

வெட்டும் வேலை பழையது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர், கோபக்காரப் பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசு சொன்ன அன்புத் தகப்பன் வேறு என்று முடிவுகட்டி, லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் தவிர மற்றதெல்லாம் வேண்டாம் என்றார், அவற்றையும் திருத்தினார். சபை அவரை வெளியே தள்ளியது. கத்தரிக்கோல் எடுக்காவிட்டாலும் இன்றும் பலர் மனத்துக்குள் மார்சியனாகத்தான் இருக்கிறார்கள். காந்தி லண்டனில் மாணவராக இருந்தபோது பழைய ஏற்பாட்டைப் படிக்கப் படிக்கத் தூக்கம் வந்ததையும், எண்ணாகமம் பிடிக்காமல் போனதையும், மலைப்பிரசங்கம் மட்டும் நேரே நெஞ்சுக்குள் போனதையும் சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வைணவ வீட்டிலும் குஜராத்தின் சமணச் சூழலிலும் வளர்ந்து, கொல்லாமை ரத்தத்தில் கலந்த ஒருவரின் விரல் வேறு எங்கே நிற்கும்?

இனி இரும்புலியூருக்குப் பக்கத்திலேயே திரும்பி வரலாம். ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சுமார் 365 ஏக்கர் புதர்க்காடு. புள்ளிமான்கள் இன்றும் உண்டு. அடுத்த ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரி மன்றத்தின் மாநாடு அங்கே கூடியது. உண்மையில் அது சீனாவின் ஹாங்சௌ நகரில் நடக்க வேண்டியது. ஜப்பான் சீனாவுக்குள் புகுந்ததால் இடம் மாறித் தாம்பரத்துக்கு வந்தது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 470 பேர் அளவில் வந்தார்கள். நாடுகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது சீனரும் ஜப்பானியரும் தாம்பரத்தில் ஒன்றாக அமர்ந்து ஜெபித்தார்கள்.

மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு தடித்த புத்தகம் எழுதி அனுப்பியிருந்தார். இந்தோனேசியாவில் பணி செய்தவர், பல மொழி அறிந்தவர். அவருடைய கடவுள் மேலிருந்து பேசுகிறவர். மனிதர் தேடிக் கண்டுபிடிக்கும் எதுவும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது. மதங்கள் எல்லாம், நடைமுறைக் கிறிஸ்தவம் உட்பட, மனித முயற்சிகள். அவரை மறுத்தவர்களில் முக்கியமானவர் அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ. ஜி. ஹாக். ராதாகிருஷ்ணனின் ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்து மாணவர்களோடு பழகிய ஹாக், அவர்களுடைய பக்தியிலும் கடவுளின் கை இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன், அதை இல்லையென்று சொல்ல முடியாது என்ற நிலையில் நின்றார். கிரேமரைப் போன்ற வாசகர் பைபிளைத் திறந்தால் சிலைகளைச் சாடும் தீர்க்கதரிசிகளின் பக்கம் முன்னே வரும். ஹாக்கைப் போன்றவருக்கோ அத்தேனே நகரில், அறியாத கடவுளுக்கு எழுப்பிய பலிபீடத்தின் முன் பவுல் நின்று பேசிய பக்கம்.

வெளியிலிருந்து வந்தவர்களின் சண்டையை நம்மூர்க்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கிரேமருக்கு மறுமொழியாகச் சென்னையிலிருந்து அதே 1938-இல் ஒரு கட்டுரைத் தொகுப்பு வந்தது. இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிப்போம் என்பது அதன் தலைப்பின் சாரம். அதில் எழுதியவர்களில் இருவர் மைத்துனர்கள், இருவரும் சட்டம் படித்தவர்கள், இருவரும் பழைய கிறித்தவக் கல்லூரி மாணவர்கள். ஒருவர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா. இன்னொருவர் தொழிற்சங்கத் தலைவரும் பின்னால் சென்னை மேயருமான வி. சக்கரைச் செட்டியார்.

சக்கரை இயேசுவை அவதாரம் என்றார். ஆனால் ஒரு திருத்தத்தோடு. ராமனும் கிருஷ்ணனும் வந்த வேலை முடிந்ததும் திரும்பிவிட்டார்கள். இந்த அவதாரம் திரும்பிப் போகவில்லை, இன்னும் மனிதராகவே தொடர்கிறது என்றார். வைணவக் கதை கேட்டு வளர்ந்த மனத்துக்கு யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் பழகிய இடமாகத் தெரிந்திருக்கிறது. செஞ்சையாவுக்கோ கடவுள் தண்டனை எழுதும் நீதிபதி அல்ல. (தானே நீதிபதியாக இருந்ததால் அந்த உவமை அவருக்கு அலுத்திருக்கலாம்!) அவருடைய கடவுள் புதிய மனிதனைப் படைத்துக்கொண்டிருக்கும் சக்தி. அரவிந்தரையும் கும்பகோணத்து யோகி சி.வி.வி.யையும் ஆர்வத்தோடு கவனித்த அவர், பைபிளில் பாவக் கணக்கையும் கழிவையும் கடந்து, மறுபிறப்பு, புதுப் படைப்பு, ஆவியின் வல்லமை பேசும் இடங்களில் போய் நின்றார். பாளையங்கோட்டையில் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்து, பின்னால் கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி இன்னொரு பக்கம். யோவான் நற்செய்தியை ஆழ்வார், நாயன்மார், மாணிக்கவாசகர் துணையோடு படித்தவர். கிறிஸ்தவமே ஒரு பக்தி மார்க்கம் என்று 1927-இல் புத்தகமே எழுதினார்.

இவர்கள் எல்லாம் படித்தவர்கள், பெரும்பாலும் மேல்தட்டினர். கோயிலுக்குள் நுழைய முடிந்தவர்களின் மொழியில் பைபிளைப் படித்தவர்கள். அந்தக் கோயிலுக்குள் நுழையவிடப்படாதவர்களுக்கு அவதாரமும் பக்தி மார்க்கமும் என்ன சொல்லும்? தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும் பகுதி தலித் மக்கள். கல்லறையிலும் சுவர் எழுப்பிய கிறிஸ்தவம் அவர்கள் கண்டது. இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் அர்விந்த் நிர்மல். கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் 1980-களின் பிற்பகுதியில் தலித் இறையியலுக்கு அடித்தளம் போட்டவர். அவர் எடுத்த பகுதி உபாகமம் 26: முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் இஸ்ரவேலன் முதலில் சொல்ல வேண்டியது, என் தகப்பன் நாடோடி, அடிமைப்பட்டோம், கூக்குரலிட்டோம் என்பதுதான். இந்த வாக்குமூலத்தை எங்களால் மட்டுமே பொய்யில்லாமல் சொல்ல முடியும் என்றார் நிர்மல். அவருடைய கடவுள் சிங்காசனத்தில் இல்லை; ஏவல் செய்கிறார், துடைக்கிறார், அள்ளுகிறார். ஏசாயா 53-இல் அவலட்சணமாக, அருவருத்து ஒதுக்கப்பட்டவனாக வரும் ஊழியனின் முகத்தை அவர் சேரியில் பார்த்தார்.

பெயர் மறுபடி குறுக்கே வருகிறது. அடிமைகள் எகிப்திலிருந்து வெளியேறும் நூலுக்குப் பழைய மொழிபெயர்ப்பு வைத்த பெயர் யாத்திராகமம். யாத்திரை என்றால் காசிக்கோ வேளாங்கண்ணிக்கோ போவது. 1995 மொழிபெயர்ப்பு அதையே விடுதலைப் பயணம் என்றது. அட்டவணையில் ஒரு வரி மாறியதும் கடவுள் யாத்திரை வழிகாட்டியிலிருந்து விலங்கொடிப்பவராக மாறிவிட்டார்.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் அறியப்பட்டவர், இன்னும் ஒரு படி இறங்கினார். கர்நாடக இசைக் கீர்த்தனையை விட்டுவிட்டுப் பறையும் கும்மியும் தெம்மாங்கும் எடுத்தார். கடவுளை அரசர் என்றோ ஆண்டவர் என்றோ அழைக்காமல், தாயும் தகப்பனும் சேர்ந்த ‘பெற்றவர்’ ஆக்கினார். இராப்போஜனத்தை ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடும் சாப்பாடாகப் பார்த்தார். ஒரே உலை என்பது சாதி ஊரில் எவ்வளவு பெரிய கலகம் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

விடுதலை தரும் கடவுள் என்றதும் எல்லாம் நேராகிவிடுகிறதா? இல்லை. 1989-இல் ராபர்ட் ஆலன் வாரியர் என்ற அமெரிக்கப் பழங்குடி அறிஞர் எழுதிய கட்டுரை அந்த மகிழ்ச்சியைக் கலைத்தது. எகிப்திலிருந்து கிளம்பிய அடிமைகள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே கானானியர் குடியிருந்தார்கள். அவர்களை அழிக்கச் சொன்னதும் அதே கடவுள்தான். நிலம் பறிபோன எங்கள் மக்கள் அந்தக் கதையில் கானானியர் அல்லவா என்று அவர் கேட்டார். நமக்குப் பிடித்த கடவுளோடு ஒரு நூலைப் படிக்கும்போது, எந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறோம் என்பதையும் யாராவது வெளியிலிருந்து வந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வாசிப்பு வெறும் கண்ணாடிதானா? நம் முகத்தையே பார்த்துவிட்டு மூடிவைப்பதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. மார்ட்டின் லுத்தர் துறவியாக இருந்தபோது ரோமர் நிருபத்தில் கடவுளின் நீதி என்ற சொற்றொடரையே வெறுத்தார். நீதி என்றால் தண்டிக்கிற நீதி என்றுதான் அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்ப முட்டி மோதிய பிறகே, அது கடவுள் இலவசமாகக் கொடுக்கும் நீதி என்று பிடிபட்டதாகப் பின்னாளில் எழுதினார். அவர் கொண்டுபோன கடவுளைப் புத்தகம் திருப்பி அனுப்பிவிட்டு வேறொருவரைக் கொடுத்தது. ஐரோப்பாவே அதனால் இரண்டாகப் பிளந்தது. பிடிக்காத வரியை அவர் தாண்டிப் போகவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

தாண்டிப் போவதற்கென்றே நம்மிடம் ஓர் ஏற்பாடு உண்டு. டிசம்பர் 31 இரவு, வருஷக் கடைசி ஆராதனை. பல சபைகளில் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வரிசையில் போய், பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். பிள்ளைகள் தங்கள் அட்டையை அக்காவின் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த வசனம் வருஷம் முழுதும் பர்சிலோ பூஜையறைக்கு இணையான ஷெல்பிலோ இருக்கும். புலம்பல் புத்தகத்தின் வரியோ, பிறந்த நாளைச் சபிக்கும் யோபுவின் வரியோ எந்த அட்டையிலும் வராது. கொடுக்கும் கடவுள் மட்டும்தான் அச்சாகிறார். இழப்பு வந்த வீட்டில் அந்த அட்டை பிறகு சுமையாகிவிடுவது உண்டு. வாக்குக் கொடுத்தாரே, ஏன் செய்யவில்லை, என் விசுவாசம் குறைவா என்று கேட்டுக் குமைவார்கள். ஆறுதல் சொல்ல வந்த யோபுவின் நண்பர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது வழக்காடிய யோபுவிடம் அல்ல, அந்த நண்பர்களிடம்.

அட்டைகளிலும் காலண்டர்களிலும் ஆட்டோக் கண்ணாடிகளிலும் மிக அதிகமாக இடம்பிடிக்கும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. நல்ல எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் வாக்களிக்கும் வசனம். வீட்டில் அந்த அட்டை இருந்தால், பைபிளை எடுத்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், சிறைபிடித்துப் போன அந்த ஊரின் நன்மைக்காகவே ஜெபம் செய்யுங்கள் என்கிறது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. எப்போது திரும்புவோம் என்பதற்கான பதில், அட்டையில் அச்சான வசனத்துக்கு முந்தைய வசனத்தில் இருக்கிறது: எழுபது வருஷம்.